ஓரம் ஒதுங்கிய உருண்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து பிறந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் காபி வேளையில் புரொபசர் வியார்டா டப்பாவைத் திறப்பார், ஆளுக்கு ஒரு பிஸ்கட், உடனே மூடிவிடுவார். நெதர்லாந்தில் இதற்குக் கஞ்சத்தனம் என்று பெயரில்லை, நாகரிகம். (பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். எனக்குச் சம்பளம் அங்கேதான்.)

2

முதல் தொடக்கம்: "பட்டினி என்பது பாக்டீரியாவுக்கும் ஒரு..." வேண்டாம், மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது.

இரண்டாவது: பட்டினி தொடங்கியதும் சில பாக்டீரியாக்கள் பாஸ்பேட்டைச் சங்கிலியாகக் கோத்து, உருண்டை பிடித்து, உடம்பின் நீளவாக்கில் சம இடைவெளியில் வைத்துக்கொள்கின்றன. செல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு மகள் செல்களுக்கும் பங்கு உண்டு. சொத்துத் தகராறு கிடையாது. இதைச் சொல்லியே வியார்டா ஊர் ஊராக விருந்து சாப்பிட்டார். 'சரிசமப் பங்கு' அவர் கொள்கை.

3

கதாநாயகி யில்டூ, அவருடைய மாணவி. உருண்டைகளெல்லாம் ஒரே ஓரத்தில் குவிந்த செல்களைப் படம்பிடித்துவிட்டாள். பிரிந்ததும் ஒரு மகளுக்கு எல்லாம், இன்னொருத்திக்கு ஒன்றுமில்லை. (சம இடைவெளி நிஜம், இந்தப் படம் என் கற்பனை.)

"அந்தப் படம் வேண்டாம்மா, கண்ண உறுத்துது," என்றார் வியார்டா.

"கண்ணயா, கொள்கையயா?"

"அடுத்த வருஷம் ஒனக்கு இங்க வேலை வேணுமா, வேண்டாமா?"

இருந்தது ஒரே வேலை. அதுவும் அவர் கையில். படம் ஆய்வேட்டிலிருந்து போனது. ஒரு பிரதியை என்னிடம் நீட்டினாள் யில்டூ: "எதுக்கும் ஒன்கிட்ட இருக்கட்டும்." (இங்கே அவள் அழுததாக எழுதி அடித்துவிட்டேன். வடகோடி மாகாணமான ஃப்ரீஸ்லாந்துக்காரி, அழமாட்டாள், சைக்கிளை வேகமாக மிதிப்பாள்.)

4

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. மாணவிக்குத் துணையாக இருவர் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பது இங்கே வழக்கம். அதில் ஒருவன் நான். ஒரு மணி நேரம் ஆனதும் தடி ஏந்திய அம்மாள் வந்து, நேரமாயிற்று என்று லத்தீனில் சொல்லித் தரையில் தட்டுவார். அதற்குமேல் பேசக்கூடாது, தொடங்கிய வாக்கியத்தை மட்டும் முடிக்கலாம். பட்டம் எப்படியும் கிடைத்துவிடும். வேலைதான் சந்தேகம்.

வெளியூர்ப் பேராசிரியை கேட்டார்: "எல்லாச் செல்லுலயும் இப்படிச் சமமாத்தான் இருக்கா?"

யில்டூ என் பக்கம் சாய்ந்தாள். "என்னடா பண்றது?"

"கதவு தெறக்குது பாரு, தடி வந்தாச்சு. மழுப்பிடு, தப்பிச்ச."

முடிவு ஒன்று: ஆமாம் என்கிறாள், வேலை கிடைக்கிறது. முடிவு இரண்டு: மழுப்புகிறாள், தடி காப்பாற்றுகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

"எல்லாத்துலயும்னு சொல்ல முடியாது, ஏன்னா"

5

"ஹோரா எஸ்ட்." தடி தட்டியது. வியார்டாவுக்கு மூச்சு வந்தது.

"வாக்கியம் பாதியில நிக்குது, முடிச்சுக்கலாம்ல?" என்றாள் யில்டூ. தேர்வுக்குழுத் தலைவர் தலையசைத்தார்.

"ஏன்னா ஒரு படம் இருக்கு, அதுல உருண்டையெல்லாம் ஒரே ஓரத்துல குவிஞ்சு, ஒரு மகளுக்கு எல்லாம் கெடச்சு, இன்னொருத்தி வெறுங்கையோட பொறந்து, அதச் சேக்க வேண்டாம்னு ஒருத்தர் சொல்லி, அவரு இப்ப எனக்கு எதிர்லயே ஒக்காந்து, அங்கிப் பொத்தானத் திருகிக்கிட்டு,"

இந்த வாக்கியம் முடிந்தால் அவள் வேலை போய்விடும். அதனால் நான் புள்ளி வைக்கவில்லை. மனசு வந்தால் நீங்கள் வையுங்கள். அவள் இன்னும் பேசிக்கொண்டே, "அந்தப் படம் இவன் கோட்டுப் பையிலதான் இருக்கு" என்று என்னைக் கைகாட்ட, கூடமே என் பக்கம் திரும்ப, நான் பைக்குள் கையை விட்டு, வியார்டாவைப் பார்த்து, என் சம்பளத்தை நினைத்து,