ராஜாவைச் சுற்றிப் பூக்கள்

ஈப்போ பழைய டவுனில் ஒரு கடைவீட்டை ஹோட்டலாக்கியபோது, முன்கூடத்தின் குறுக்கே நிறுத்த ஆளுயரப் பலகையில் ஓர் ஓவியம் வேண்டுமென்றார்கள். மேனேஜர் தனேஷ் கைப்பேசியில் மாதிரியைக் காட்டினான். ஐரோப்பாவின் பழைய பிளெமிஷ் பாணி ஓவியம். நடுவே முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஒரு ராஜா. சுற்றிலும் ரோஜா, லில்லி, துலிப்.

முகம் வரையும் வேலை சுகுமாரனுக்கு. பேராக் மாநிலம் முழுக்கப் பிரமுகர்களை வரைந்து பேரெடுத்தவர். பூக்கள் தினேஸ்வரிக்கு. ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை வேலை, வார இறுதியில் கல்யாண மேடைகளுக்குப் பூ வரைவாள்.

"படத்துக்கு உசுரே மூஞ்சிதாம்மா. பூ ஓரமா இருக்கணும். முந்திக்கிட்டு வரக்கூடாது, புரியுதா?" என்றார் சுகுமாரன்.

"சரிண்ணே."

அந்தக் காலத்தில் இப்படிப் படங்களைப் பங்கு போட்டுத்தான் வரைவார்கள், சிலவற்றில் பூ வரைந்தவரே பெரிய ஆள் என்று அவள் படித்திருந்தாள். நேரில் பார்த்தேயிராத துலிப்புக்கு ஐந்து வார இறுதிகள் போயின. ராஜாவின் மீசைக்கு மட்டும் சுகுமாரனுக்கு மூன்று வாரம். கழுத்துப்பட்டியில் தன் கையெழுத்தையும் போட்டுக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் ராஜாவை மறைத்து நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுவாரம் தனேஷ் அழைத்தான்.

"அக்கா, ராஜா மூஞ்சிய வெட்டி எடுத்தாச்சு. ஹோட்டல் மொதலாளி, தவுக்கேயே சொல்லிட்டாரு. அந்த ஓட்டையில தலைய வுட்டு போட்டோ எடுக்குறாங்க. லைனு ரோட்டு வரைக்கும் நிக்குது லா!"

"பூவு?"

"அத யாரு தொடுவா? தேஞ்ச எடத்துல மட்டும் வந்து பெயிண்டு வைங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகக் கூச்சமாகவும் இருந்தது. சுகுமாரனுக்கு இரண்டு முறை போன் போட்டாள், எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூரிகைகளோடு போனபோது வரிசையில் அவர் நின்றிருந்தார், மனைவியோடு. தினேஸ்வரி சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் முறை வந்தது. பலகைக்குப் பின்னால் போனார். துலிப்புகளுக்கு நடுவே அவர் முகம் எழுந்தது. தாடை சற்றே உயர்ந்து, கண் தொலைவில் நிலைத்து.

"கொஞ்சம் சிரிங்க லா!" என்றாள் மனைவி.

"ராஜா சிரிக்க மாட்டான். எடு."

ஒன்று போதவில்லை. நாலைந்து எடுக்கச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் இருவரும் வாசலைத் தாண்டும்வரை தினேஸ்வரி தூணைவிட்டு நகரவில்லை.