பிழை அறிக்கையில் ஒரு பெயர்

அலுவலகத்தின் சர்வர்களைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. மனைவிக்கு அதே மாடியில், மென்பொருள் சோதனைப் பிரிவில்.

அன்று காலை அவன் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளைப் பட்டியல், மக்கர் செய்தது. டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும் புரோகிராமை அதுதான் கிளப்பிவிட வேண்டும். ஸ்கிரிப்டில் வேரியபிள் என்ற பெட்டியில் போட்டுவைத்த பாஸ்வேர்டு, 'எக்ஸ்போர்ட்' என்று சொன்னால்தான் அந்த வெளிப் புரோகிராமுக்குப் போய்ச் சேரும். அதைச் சொல்ல மறந்திருந்தான். மேலாளர் முதுகுக்குப் பின்னால் நிற்க, ஆத்திர அவசரத்தில் எல்லா வேரியபிளுக்கும் சேர்த்து எக்ஸ்போர்ட் போட்டான்.

பிரதி எடுத்தாயிற்று. ஆனால் அதே ஸ்கிரிப்ட் கிளப்பிய இன்னொரு புரோகிராம் பாதியில் படுத்துவிட்டது. படுக்கும்போது, தனக்கு வந்த வேரியபிள்களை ஒன்றுவிடாமல் எழுதி, பிழை அறிக்கையாக எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது.

"என்னப்பா, பாஸ்வேர்டைத் தண்டோரா போட்டுட்ட!" மேலாளர் சிரித்தார். "பொண்ணு பேரையா பாஸ்வேர்டா வைப்பாங்க? யாரு, பழைய காதலியா?"

அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். மனைவியின் நாற்காலி காலியாக இருந்தது.

குறைமாதத்தில் பிறந்து, அன்றே போய்விட்ட மகளுக்கு இருவரும் பார்த்துவைத்திருந்த பெயர் அது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, அவள் அந்தப் பெயரை எடுத்தாலே எழுந்துபோய்விடுவான். "விடேன், எதுக்கு அதையே கிளறிக்கிட்டு?" என்பான். போகப்போக அவள் வாயே திறப்பதில்லை. கல்நெஞ்சன் என்றே நினைத்துவிட்டாள்.

தேடிப் போனான். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன், திரையில் அந்தப் பிழை அறிக்கை.

"எப்பலேர்ந்து இது?"

"அப்பலேர்ந்தே."

"தினமும் டைப் பண்ணியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு தடவை சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா நீ உடைஞ்சிடுவேன்னு..."

"உடைஞ்சுதாங்க கிடந்தேன். பக்கத்துலயே படுத்திருந்தீங்க, தெரியலையா?"

அவளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொன்னார்கள், மாற்றினான். மாலை சேர்ந்தே நடந்தார்கள். பேருந்து நிறுத்தம் வந்ததும் அவள் பக்கம் திரும்பினான். மகளின் பெயரை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னான்.

அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கேட்டுதுங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்பவே இது என் காதுல விழுந்திருக்கணும்."

பேருந்து வந்தது. ஏறினார்கள். ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழ, எங்கே தொட்டு ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் அவன் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தான்.