ஆட்சேபம் சொன்ன நாலு பேர்

"நாலு பேரு, நாலு பேருன்னா யாரும்மா அது? பேரச் சொல்லு."

"பேரு எதுக்குங்கய்யா? ஷகிலா ஓதறது வேண்டாம்னு ஊர்ல பேசிக்கறாங்க. அந்த ஒண்ண மட்டும் வுட்டுட்டா..."

"ஒண்ண மட்டும் வுடற பேச்சே இல்ல! மொத்தத்தையும் நிறுத்தறேன்."

சென்றாயன் இப்படிச் சொல்வார் என்று ரோசம்மா எதிர்பார்க்கவில்லை. பாப்பாரப்பட்டியில் காந்தி நினைவு நாளன்று சென்றாயன் நடத்தும் சர்வமதப் பிரார்த்தனையில், பன்னிரண்டு வருடமாகக் கிறிஸ்தவச் செபம் சொல்வது அவள்தான். விடிந்தால் பிரார்த்தனை.

ஷகிலா வர ஆரம்பித்து மூன்று வருடம்தான் ஆகிறது. தையல்கடைக்காரி. ஆனால் அவள் கண்ணை மூடி அரபியில் ஓதினால், அர்த்தம் தெரியாத சனம்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ரோசம்மா செபம் சொல்லும்போதோ கடலை உடைக்கிற சத்தம் கேட்கும். போன வருடம் பேப்பரில் வந்த படத்தில் ஷகிலா முழுசாக இருந்தாள்; ரோசம்மாவின் முழங்கை மட்டும் இருந்தது. அந்த முழங்கை ஒரு வருடமாக அவளையே குத்திக்கொண்டிருந்தது.

ஆட்சேபம் சொன்ன நாலு பேரும் அந்த வயிற்றெரிச்சலில் பிறந்தவர்கள்தான்.

"எதுக்குங்கய்யா மொத்தமா நிறுத்தணும்? ராமர் பாட்டு இருக்குது, என் செபம் இருக்குது..."

"டெல்லியில இதே மாதிரி ஒருத்தர் எந்திரிச்சு, அரபியில ஓதக்கூடாதுன்னாரு. காந்தி என்ன பண்ணாரு தெரியுமா? அத மட்டும் வுட்டுட்டு மத்தத நடத்தல. பிரார்த்தனையவே நிறுத்திட்டாரு. ராமா ராமான்னு கெடந்த மனுசன், ராமரையும் சேத்துத்தான் நிறுத்தினாரு. ஒரு வூட்டுச் சாமிய வாசல்ல நிக்க வெச்சுட்டு இன்னொரு வூட்டுச் சாமிய உள்ள கூப்புட்டா, அப்பறம் இது என்ன தேசம்மா?"

ரோசம்மா சென்றாயன் வீட்டில் இருந்த காந்தி படத்தைப் பார்க்காமல், அதற்குக் கட்டி வைத்திருந்த கதர்நூல் மாலையைப் பார்த்தாள். ஷகிலாவின் ஐந்து நிமிடமும் தனக்கு வரும் என்று கணக்குப் போட்டு, செபத்தை நீட்டிக்கூட எழுதி வைத்திருந்தாள்.

வாசலில் ஸ்கூட்டி நின்றது. சென்றாயன் போட்ட சத்தத்தில் விஷயம் அதற்குள் தையல்கடைக்குப் போய்விட்டிருந்தது.

"ஐயா, எனக்காக நிறுத்தாதீங்க," என்றபடியே ஷகிலா உள்ளே வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. "நான் ஓதல. அக்கா செபம் சொல்லட்டும். பாவம், ஒரு மாசமா வூட்ல சத்தமாப் படிச்சுப் பாக்கறாங்க, எங்க வூடு வரைக்கும் கேக்குது. அழகா இருக்குது."

விட்டுக்கொடுப்பதிலும் இவளே முந்திக்கொள்கிறாளே! சென்றாயனின் கண் கலங்குவதைப் பார்க்க ரோசம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியாம்மா ரோசம்மா, மனசுன்னா இது," என்றார் அவர். "ஆனா முடியாது ஷகிலா. ஆட்சேபம் சொன்னவங்களே வந்து சரின்னு சொன்னாத்தான் நடக்கும். யாருன்னு ரோசம்மாவுக்குத்தான் தெரியும். அது வாயத் தொறக்க மாட்டேங்குது."

"பகை வரும்னு பயப்படறாங்கய்யா. அவங்க கெட்டவங்களா இருக்க மாட்டாங்க. நேர்ல பேசினா சரியாயிரும்." ஷகிலா ரோசம்மாவின் கையைப் பிடித்தாள். பிடி சூடாக இருந்தது. "வாங்கக்கா, வண்டியில ஏறுங்க. நாலு பேர்ல மொதல்ல யாரு வூட்டுக்குப் போலாம்?"