பயணத்துக்கு முன் ஓர் ஊசி

பதுளை பஸாரில் ஏஜென்சிக்காரன், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் புத்தி சொன்னான். பாஸ்போர்ட்டை போட்டோகொப்பி எடுத்து வைக்க வேண்டும். பிளேனில் குளிரும், கம்பளிச் சட்டை வேண்டும். பையில் ஊறுகாய் கூடாது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வந்த தவமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“அடுத்த ரூம்ல ஊசி போட்டுக்கங்க.”

“எந்தக் காய்ச்சலுக்குங்க?”

“காய்ச்சலுக்கு இல்ல. புள்ள தங்காம இருக்க.”

“எம் புருசன் இங்கதானே இருப்பாரு?”

“அந்த வீட்டுல நாலு ஆம்பளைங்க இருக்காங்கல்ல,” என்றான், ஊறுகாய் கூடாதென்று சொன்ன அதே குரலில்.

“தெரிஞ்சேதான் அனுப்புறியாடா, நாயே?” என்று தவமணி அவன் முன்னால் இருந்த தன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவன் தகரப் பேணியில் துப்பிவிட்டு, “அடுத்த ஆள் வாங்க,” என்றான். பின்னால் நின்றவள் ஏற்கனவே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தாள்.