பதினேழாம் நம்பர் வெல்டர்

மிஸ்டர் கோ யாருக்காவது நாற்காலி காட்டினால், உட்காருபவர் எழுந்திருக்கும்போது எதையோ இழந்திருப்பார். தஞ்சோங் லாவுட் மரைன் என்ற கப்பல் கட்டும் யார்டில் ஆறு வருஷம் வெல்டராக இருந்த சூசைநாதனுக்கு இது தெரியும். அதனால் அந்தச் சனிக்கிழமை பெர்சனல் மேனேஜர் கோ தன் ஏர்கான் அறையில் இரண்டு முறை "சிட், சிட்" என்று உபசரித்த பிறகும் அவன் நின்றுகொண்டே இருந்தான்.

விஷயம் இதுதான். யார்டில் எண்ணெய் தோண்டும் ரிக் ஒன்று தயாராகி நின்றது. மூன்று கால்கள், ஒவ்வொன்றும் முப்பது மாடி உயரம். அடுத்த சனிக்கிழமை கடல் ஏற்றத்தில் அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ரிக்கில் எந்த இரும்பு மூட்டு பற்றவைக்கப்பட்டாலும், வெல்டர் தன் நம்பரை இரும்பு அச்சால் அதன் பக்கத்தில் அடித்துவிட வேண்டும் என்பது விதி. நாளைக்கு விரிசல் விட்டால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமல்லவா? ஆனால் நம்பர் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படும் நாற்பத்தொரு பேருக்கு நம்பர் கிடையாது. வேலை மட்டும் உண்டு. அவர்கள் லீவில் போனவர்களின் அச்சை ஸ்டோரில் வாங்கி அடித்துக்கொண்டார்கள்.

சூசைநாதனுக்கு வாய்த்தது முத்துசாமியின் பதினேழு. முத்துசாமி மகள் கல்யாணத்துக்காக மாயவரம் போய் இரண்டு மாதமாகிறது. அவர் அங்கே பந்தியில் நின்று இலைக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நாட்களில், இங்கே ஜூரோங்கில் ரிக்கின் இரண்டாம் காலில் இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டுகளைப் பதினேழாம் நம்பர் பற்றவைத்துத் தள்ளியது. ஒன்றுகூட எக்ஸ்ரேயில் தவறவில்லை.

அங்கேதான் வந்தது வினை. ரிக்குக்குச் சான்றிதழ் தர வந்திருந்த டென்மார்க் சர்வேயர் அந்த எக்ஸ்ரே படங்களைப் பார்த்துக் கிறங்கிப்போய், "இந்தப் பதினேழுடன் நான் கைகுலுக்க வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்கு!" என்று சொல்லிவிட்டார்.

மிஸ்டர் கோ மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். அஞ்சே நிமிஷம். சூசைநாதன் முத்துசாமியாக இருக்க வேண்டும். கை கொடுக்கணும், சிரிக்கணும், வாயைத் திறக்கக் கூடாது. செய்தால் இன்னும் மூன்று மாதம் கான்ட்ராக்ட். செய்யாவிட்டால்? ரிக் போகும் சனிக்கிழமையே கான்ட்ராக்ட் முடிகிறது என்பதை அவர் மிகுந்த வருத்தத்துடன் நினைவூட்டினார். வருத்தப்படுவதற்கென்றே கம்பெனி அவரை வைத்திருந்தது.

புக்கிட் மேரா வீட்டில் அவன் மனைவி அல்போன்சம்மாள் இதைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஞானஸ்நானத்துல சாமியார் வச்ச பேரு. அதை அஞ்சு நிமிஷம் கழட்டி வைக்கச் சொல்றானா?"

"மூணு மாசம் வேலைடி."

"ஐசி கார்டு நம்பர், பிளாக் நம்பர், பஸ் நம்பர், கிளினிக்ல கியூ நம்பர். இந்த ஊர்ல நாய்க்குக்கூட லைசென்ஸ் நம்பர் இருக்குங்க. உங்களுக்கு மட்டும் ஏன் இரவல் நம்பர்?"

சூசைநாதனும் ஆறு வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு நன்றாகக் கேட்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும், அவன் நேராகச் சிராங்கூன் ரோட்டுக்கு நடந்தான். மசாலா அரைக்கும் மில்லுக்கு மேலே தொழிற்சங்கக் கிளையின் அறை. கீழே மிளகாய் ஓடினால் மேலே பேச்சாளர் உணர்ச்சிவசப்பட்டது போலக் கண் கலங்குவார்.

அன்று கலங்கிக்கொண்டிருந்தவர் கிளைச் செயலாளர் துரைசாமி. யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்திலிருந்து கீழே பார்த்துப் பேசிப் பழகியவர். கையில் பதினான்கு கோரிக்கைகள் கொண்ட மகஜர்.

"வரலாற்றின் வாசற்படியில் நின்றுகொண்டு, வியர்வையின் வாரிசுகளாகிய நாம்..." என்று தொடங்கி, தும்மி, மூக்கைத் துடைத்து, ஒன்பதாவது கோரிக்கைக்கு வந்தார். "கடலில் மிதக்கின்ற, நிற்கின்ற, இனி நடப்படவிருக்கின்ற யாவற்றிலும் நியாயமான நிரந்தர வேலை!"

"இனி என்னண்ணே நடப்போறாங்க கடல்ல? கங்கோங் கீரையா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"காத்தாடிலா!" என்றார் துரைசாமி. "சர்வேயர் கேன்டீன்ல சொன்னாரு. அவங்க ஊர்ல காத்தாடி வச்சுக் கரண்ட் எடுக்குறாங்களாம். ஒருநாள் கடலுக்குள்ளேயே நடுவாங்களாம்."

அறை குலுங்கச் சிரித்தது. "காத்தாடிக்கும் யூனியனா அண்ணே!"

"சிரிங்கடா, சிரிங்க. ரிக்கோ காத்தாடியோ, கடல்ல நிக்கணும்னா கால் வேணும். காலுக்கு வெல்டர் வேணும். அந்த வெல்டருக்கும் மூணு மாசக் கான்ட்ராக்ட்தான் குடுப்பானுங்க. பாத்துக்கிட்டே இருங்க!"

துரைசாமி அன்று எழுதி வைக்காமல் பேசியது இது ஒன்றுதான். அதனால் இது மட்டும் புரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் சூசைநாதன் எழுந்து கோவின் பேரத்தைச் சொன்னான். ஒருவரும் தும்மவில்லை.

வெல்டிங் பதிவேட்டைத் தட்டச்சு செய்யும் பெட்டி என்ற பெண், கைப்பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். கம்பெனியும் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம். துரைசாமி எல்லாக் கூட்டங்களிலும் தூக்கிக் காட்டுவார். திறந்து பார்த்தவள் இவள்தான்.

"துரை அண்ணே, பதினாலும் வேணாம். பதினோராவது ஷரத்து ஒண்ணு போதும். கேளுங்க. 'எண் வழங்கப்பட்ட வெல்டர் அனைவரும் கம்பெனியின் நிரந்தர ஊழியராவர்.' கம்பெனி பெருமைக்காக எழுதினது. அதனாலதான் உங்க நாப்பத்தோரு பேருக்கும் நம்பர் குடுக்காம இழுத்தடிக்கிறாங்க."

"அவங்களா எப்படிம்மா குடுப்பாங்க?"

"குடுத்துத்தான் ஆகணும். வேற ஆளு பத்தவச்சதுன்னு தெரிஞ்சா, அந்த ஆளை டெஸ்ட் பண்ணாம சர்வேயர் கையெழுத்துப் போட மாட்டாரு. டெஸ்ட் பாஸானா அவர் பேருக்கு நம்பர் குடுக்கணும், அது சர்வேயரோட ரூல். நம்பர் வந்தா பதினோராவது ஷரத்துப்படி நிரந்தரம். கையெழுத்து இல்லாம சனிக்கிழமை ரிக் நகராது."

"ஃபெயிலானா?" என்றான் சூசைநாதன்.

பெட்டி புத்தகத்தை மூடினாள். "ஃபெயிலானா கோ சொல்றதுதான் சட்டம் சூசை அண்ணே. திருட்டு நம்பர் அடிச்சான்னு வெளியே அனுப்புவான். உங்களோட சேத்து மத்த நாப்பது பேரையும்."

நாற்பது பேரும் அவனையே பார்த்தார்கள். கீழே மில் நின்றிருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டாம் காலின் அடியில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். எண்ணெய் வழியும் தரையில் சிவப்புக் கம்பளம் விரிக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். கம்பெனிப் பத்திரிகைக்குப் படமெடுக்க ஓர் ஆள். கோ புது டை கட்டியிருந்தார். மேலே கிரேன் கூண்டில் துரைசாமி மகஜருடன் தயாராக இருந்தார்.

சர்வேயர் வந்தார். ஆறரை அடி மனிதர். சூசைநாதனின் கையைப் பிடித்து, பம்ப்பில் தண்ணீர் இறைப்பது போல ஆட்டினார். "மிஸ்டர் முத்துசாமி! முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை!"

கோ சிரித்தார். ஃபிளாஷ் மின்னியது. இரண்டு நிமிஷம் போய்விட்டது. மூன்று நிமிஷம் பாக்கி. மூன்று நிமிஷத்துக்கு மூன்று மாதம். சூசைநாதன் சர்வேயரை நிமிர்ந்து பார்த்தான்.

"நோ சார்," என்றான். "மை நேம் சூசைநாதன். முத்துசாமி இன் மாயவரம். டூ மன்த்ஸ். வெல்டிங், மீ."

சர்வேயர் கையை விடவில்லை. ஆட்டுவதை மட்டும் நிறுத்தினார்.

"ஃபோர்ஜரி!" என்று கத்தினார் கோ. "இந்த ஆள் அச்சைத் திருடியிருக்கிறான்!"

கிரேன் ஏணியில் துரைசாமி தடதடவென்று இறங்கி வந்தார். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது; வரலாற்றின் வாசற்படிக்கெல்லாம் மூச்சு மிச்சமில்லை. "ஸ்டோர் ரெஜிஸ்டர் பாருங்க சார்! தினமும் அச்சு குடுக்கச் சொல்லி ஆர்டர் போட்டது யாரு? இவர்! மிஸ்டர் கோ! இன்னும் நாப்பது பேர் சார், ஃபார்ட்டி! எல்லாரையும் டெஸ்ட் பண்ணுங்க. பாஸானா நம்பர் குடுக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்!"

அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய உரை அது. பெட்டி ஸ்டோர் பதிவேட்டைத் திறந்து நீட்டினாள். ஒவ்வொரு வரியிலும் கோவின் கையெழுத்து அழகாகச் சுழித்திருந்தது.

சர்வேயர் காலை அண்ணாந்து பார்த்தார். பிறகு சூசைநாதனைப் பார்த்தார். "நாளைக் காலை டெஸ்ட்," என்றார். "முதலில் நீ."

செவ்வாய்க்கிழமை யார்டில் வேறு வேலை நடக்கவில்லை. நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் ஒரு குழாயை மாட்டினார்கள். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றிக் குனிந்தும் வளைந்தும் மல்லாந்தும் பற்றவைக்க வேண்டும். சூசைநாதன் சிலுவை போட்டுக்கொண்டு முகமூடியை இறக்கினான்.

உள்ளே ஒரு பச்சை இருட்டு. அதில் நகம் அளவுக்கு ஒரு சூரியன். அவ்வளவுதான் அவன் உலகம். அடியில் மல்லாந்தபோது நெருப்புத் துளி சட்டைக் கையில் விழுந்து உள்ளே ஓடியது. கையை அசைத்தால் மூட்டில் துளை விழும். அவன் அசைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சூரியனை மெல்ல மெல்ல மேலே ஏற்றிக்கொண்டு போனான். மூன்று மணி நேரம்.

குழாயிலிருந்து நான்கு பட்டைகள் வெட்டினார்கள். ஒவ்வொன்றையும் அழுத்து எந்திரத்தில் வைத்து, குதிரை லாடம் போல வளைப்பார்கள். பற்றவைத்த இடம் பிளந்தால் போச்சு.

முதல் பட்டை வளைந்தது. சர்வேயர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவது. மூன்றாவது. கூட்டம் ஓரடி முன்னே நகர்ந்தது. சூசைநாதன் மட்டும் ஓரடி பின்னே போனான்.

நான்காவது பட்டை வளையத் தொடங்கியது. பாதியில் 'டப்' என்று ஒரு சத்தம்.

கோவின் முகத்தில் ஓர் அழகிய விடியல் தோன்றியது.

"சாரி, சாரி," என்றார் துரைசாமி. மகஜர் கட்டு கை நழுவி விழுந்திருந்தது. பதினான்கு கோரிக்கைகளும் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன.

சர்வேயர் நான்காவது பட்டையை எடுத்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலும் பார்த்தார். பிறகு அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஒரு மயிரிழை விரிசலும் இல்லை.

எழுந்த சத்தத்தில் கூரைத் தகரத்திலிருந்த புறாக்கள் மலேசியாவுக்கே போயிருக்கும். சூசைநாதனை யார் தூக்கினார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தரை காலில் படவில்லை, அது மட்டும் தெரிந்தது. "அடுத்த ஆள் வாங்கலா!" என்று பெட்டி பெயர்ப் பட்டியலைத் தட்டினாள். நாற்பது பேரும் ஆளுக்கொரு முகமூடியுடன் வரிசையில் நின்றார்கள். வியாழக்கிழமை மாலைக்குள் முப்பத்தெட்டுப் பேர் தேறினார்கள். இரண்டு பேர் மறுபடி முயன்று வெள்ளிக்கிழமை தேறினார்கள்.

சூசைநாதனுக்கு ஐம்பத்தெட்டு கிடைத்தது. நியமனக் கடிதத்தைக் கொடுக்கும்போது மிஸ்டர் கோ, இந்தக் கம்பெனி எப்போதுமே ஒரு குடும்பம் என்றும், நம்பர் கொடுக்கும் யோசனை தனக்கு வெகுநாளாகவே இருந்தது என்றும் சொன்னார். இந்த முறை சூசைநாதன் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து கேட்டான்.

பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துப் புது எண்ணைப் பக்கத்தில் பதிக்க வேண்டும் என்று சர்வேயர் உத்தரவு. வெள்ளியும் சனியும் ரிக் முழுக்க நாற்பத்தொரு சுத்தியல்கள் கொட்டின. மாயவரத்திலிருந்து சனிக்கிழமை காலைதான் திரும்பிய முத்துசாமி, ஒரு பை முறுக்குடன் இரண்டாம் காலடியில் வந்து நின்றார்.

"எவன்டா என் நம்பரை அடிச்சுப் போடுறது?"

"நான்தாண்ணே. நீங்க இங்க வேலையே செய்யல."

முத்துசாமி யோசித்தார். "அதுவும் சரிதான்," என்று முறுக்கை நீட்டினார்.

கீழே மேடையில் கம்பெனித் தலைவர், இந்த ரிக் தமது தொலைநோக்கின் பிள்ளை என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஷாம்பேன் பாட்டிலை வீசினார். அது ரிக்கில் பட்டுத் துள்ளித் திரும்பி வந்தது. மூன்றாம் வீச்சில்தான் உடைந்தது. சூசைநாதன் அதைப் பார்க்கவில்லை. கடைசி மூட்டில் ஐந்தை அடித்து, எட்டை வைத்துச் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தான்.

இழுவைப் படகுகள் ரிக்கை நகர்த்தியபோது அவன் கரையில் அல்போன்சம்மாளின் பக்கத்தில் நின்றான். மூன்று கால்களும் வானத்தில் நிமிர்ந்து மெல்லப் போயின. சட்டைப் பையில் ஐந்தும் எட்டுமாக இரண்டு இரும்பு அச்சுகள். அவற்றின் கனத்தில் பை ஒரு பக்கம் தொங்கியது.

"இதுல உங்களோடது எதுங்க?"

"ரெண்டாவது கால்."

அவள் அந்த ஒரு காலுக்கு மட்டும் கை காட்டினாள்.

பின்னால் துரைசாமி, எண்ணெய்க் கறை படிந்த காகிதம் ஒன்றை வெயிலில் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒன்பதாவது கோரிக்கை மட்டும் தப்பிச்சிருக்குலா! அடுத்த கூட்டத்துல காத்தாடி. யார் யார் ஆதரவு?"

பெட்டி சிரித்துவிட்டாள். சூசைநாதன் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினான். பையில் அச்சுகள் 'கிளிங்' என்றன.