கவிழாத கிளாஸ்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த ஐந்து பேர் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மோட்டார் அறையிலேயே வட்டமாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். குடித்து முடித்ததும் தலைமை மெக்கானிக், அதாவது எல்லோருக்கும் கேப்டன், "கொடுத்திடலாமா?" என்று லிஃப்டை ஒப்படைப்பதைப் பற்றிக் கேட்பார். சம்மதம் என்றால் காலி கிளாஸைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆறு வருஷமாக ஒரு கிளாஸ்கூட நிமிர்ந்து நின்றதில்லை. "நம்ம டீம்ல ரெண்டு பேச்சே கிடையாது" என்று போகிற இடமெல்லாம் கேப்டன் பீற்றிக்கொள்வார்.

வெல்டருக்கும் அந்தப் பெருமை உண்டு. அந்தத் தைரியத்தில்தான் மனைவியின் தங்கையை இங்கே சேர்த்துவிட்டிருந்தார். எலெக்ட்ரிகல் படித்தவள், கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். மூன்று மாதம் தற்காலிகம், அதுவும் இன்றோடு முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் காகிதம் கையெழுத்தாகாமல் கேப்டனின் சட்டைப்பையில் இருந்தது. அவள் சம்பளத்தை நம்பித்தான் வெல்டரின் மாமனார் வீடு ஓடுகிறது.

இன்றைய வேலை ஒரு மருத்துவமனை லிஃப்ட். புதுக் கயிறு மாட்டியாயிற்று, கதவுச் சட்டத்தைப் பற்றவைத்தாயிற்று. நாளைக் காலை ஸ்ட்ரெச்சர்கள் ஏறி இறங்கும். டீ முடிந்தது.

"கொடுத்திடலாமா?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் கேப்டனே முதலில் கவிழ்த்தார். டக். வயர்மேன், டக். எண்ணெய் போடுவதால் 'கிரீஸ்' என்று பெயர் வாங்கிய பையன், டக். வெல்டரும் கவிழ்த்தார். ஐந்தாவதான அவள் கிளாஸ் மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றது.

வெல்டர் அவள் பக்கம் சாய்ந்தார். "கவுத்து வை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"டீ மிச்சம் இருக்கு மாமா. கவுத்தா சிந்திடும்."

"அப்ப குடிச்சுத் தொலை!"

"குடிக்க மனசு வரல." அவள் கேப்டன் பக்கம் திரும்பினாள். "சார், காலியா இறங்குனா லிஃப்ட் தளத்துக்குச் சரியா நிக்குது. கருவிப் பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டு இறங்குனப்ப ரெண்டு விரல் கீழ போயிருச்சு. சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சிருக்கேன். பிரேக் வழுக்குது சார்."

"முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள பிரேக்கப் பத்திப் பாடமா?" என்று கிரீஸ் சிரித்தான். கேப்டன் முகம் இறுகிவிட்டது. சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்.

"நாலு பேருக்குத் தெரியாதது உனக்கு மட்டும் தெரிஞ்சிருச்சாம்மா?"

"எடை ஏத்திப் பாருங்க சார். நான் சொன்னது தப்புன்னா அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுடுங்க."

அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! வீட்டுச் சோற்றுப் பானையையே பணயமாகத் தூக்கி நடு அறையில் வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாளே! வெல்டருக்கு முதலில் ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. கேஸ் சிலிண்டர் வண்டியை லிஃப்டிலிருந்து வெளியே தள்ளும்போது சக்கரம் தளத்தின் விளிம்பில் முட்டியது. கேப்டனுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போனவர் இவர்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை நீட்டித் தன் கிளாஸை நிமிர்த்தினார்.

"காலைல சிலிண்டர் வண்டி முட்டுச்சுண்ணே. எனக்கும் சந்தேகம்தான்."

வயர்மேன் பிடரியைச் சொறிந்தார். "ஒரு குலுக்கல் எனக்கும் தெரிஞ்சுது. கிரீஸ் பார்த்திருப்பான்னு விட்டுட்டேன்."

"நீங்க பார்த்திருப்பீங்கன்னுல்ல நான் இருந்தேன்!" என்றான் கிரீஸ்.

கேப்டன் எழுந்தார். எடைக்கட்டிகளை ஏற்றி மேலிருந்து இறக்கினார்கள். இரண்டாம் தளத்தில் நிற்க வேண்டிய லிஃப்ட் ஒரு சாண் கீழே போய் நின்றது. பிரேக்கைக் கழற்றினால், எங்கிருந்தோ கசிந்த எண்ணெயில் அதன் பட்டை ஊறிக் கிடந்தது.

"ஸ்ட்ரெச்சரோட ஆள் பாதி உள்ள, பாதி வெளியே இருக்கும்போது இது வழுக்கியிருந்தா..." என்று கிரீஸ் இழுத்தான்.

பொழுது சாய்வதற்குள் கசிவை அடைத்துப் புதுப் பட்டை போட்டு, மறுபடி எடை ஏற்றிப் பார்த்தார்கள். இம்முறை மயிரிழை பிசகவில்லை. கேப்டன் காகிதத்தை அவளுடைய கருவிப் பெட்டிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதை வாங்கிக்கொண்டு, அக்காவுக்கு போன் செய்ய அவள் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். நம்ம வீட்டுப் பெண்ணடா என்று வெல்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

மற்றவர்களும் இறங்கிய பிறகு கேப்டன் வெல்டரைப் பார்த்தார். "காலைலயே தெரிஞ்சிருக்கு. ஏன்டா சொல்லல?"

"நீங்க கவுத்தீங்க. நானும் கவுத்துட்டேண்ணே."

கேப்டன் அவள் விட்டுப்போன ஆறிய டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். காலி கிளாஸை நிமிர்த்தியே வைத்தார்.

"மத்தியானம் லிஃப்ட்ல இருந்து வெளிய வர்றப்ப எனக்கும் கால் இடறுச்சுடா. நீங்க யாருமே வாயத் திறக்கல. சரி, எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."