மூடிக்குப் பூட்டு

மெம்ஃபிஸில் டெல்ராய் மலிவாக வாங்கிய கரிப் புகையடுப்பில் பன்றிக்கறி ஒருதடவைகூட ஒழுங்காக வெந்ததில்லை. நொடிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்தால் சூடு எப்படி நிற்கும்? பழி மட்டும் அடுப்பின் மேல்.

அந்த ஞாயிறு அவன் மனைவி ஒஃபீலியா, மூடியின் கைப்பிடியையும் அடுப்பின் காலையும் சைக்கிள் சங்கிலியால் சேர்த்துப் பூட்டிவிட்டு, சாவியோடு சர்ச்சுக்குக் கிளம்பினாள்.

"அடியே, கறி கருகிடும்!"

"நீ கீழ கரியை மட்டும் பாரு, போதும்!"

சாயங்காலம் கறி எலும்பிலிருந்து தானாக உதிர்ந்தது.

"எப்படி மச்சான்?" என்று வாயைப் பிளந்தான் அவள் தம்பி லெஸ்டர்.

"எல்லாம் கைப்பக்குவம்டா," என்று மீசையை முறுக்கினான் டெல்ராய்.

ஒஃபீலியா சாவியை அவன் தட்டில் போட்டாள். "அடுத்த வாரமும் இதே மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நில்லு, ராசா."